24 நாள் வேண்டாம், நான்கு ஞாயிறு போதும்

வாசகர் கடிதத்துக்குக் கோவையிலிருந்து ஒரு குழந்தை நல மருத்துவரின் பதில். பெயரும் அடையாளம் காட்டும் விவரங்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

திருப்பூருக்குப் பக்கத்திலிருந்து ஓர் இளம் தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை; கணவர் கட்டிங் மாஸ்டர். ஐந்து வயது மகள் யூ.கே.ஜி. படிக்கிறாள். மகனுக்கு இரண்டரை வயது. இவர் பிறந்தது ஈரோட்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். கணவர் வீட்டார் இந்துக்கள். காதல் திருமணம். மாமியாரும் இவர்களோடு இருக்கிறார்.

போன டிசம்பரில், கைப்பேசியில் பார்த்த காணொளிகளை நம்பி, 1ஆம் தேதி தொடங்கி 24ஆம் தேதி வரை தினம் ஒரு கிறிஸ்துமஸ் கைவேலை என்று இவர் அட்டவணை போட்டிருக்கிறார். ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு திரும்பவே இரவு ஒன்பதாகிவிடும். அதன் பிறகு பசையும் மினுக்குத் தூளும் வண்ணக் காகிதமுமாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மகள் தூக்கக் கலக்கத்தில் அழுவாள், மகன் பசையை நக்குவான், இவர் கத்துவார். ஏழாம் நாளோடு அட்டவணை நின்றுபோனது. "மற்ற அம்மாக்களால் முடிகிறது, என்னால் ஏன் முடியவில்லை?" என்று கேட்கிறார்.

மகளால் கத்தரிக்கோலால் நட்சத்திரம் வெட்ட முடியவில்லை. வகுப்பில் மற்ற பிள்ளைகள் வெட்டுகிறார்கள் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். மூளை வளர்ச்சியில் ஏதாவது குறையோ என்பது இவருடைய பயம். அவள் இடக்கைப் பழக்கம் உள்ளவள். பாட்டி வலக்கைக்கு மாற்றப் பார்க்கிறார். "நம்ம வீட்டுக்கு இதெல்லாம் எதுக்கு" என்று மாமியார் முணுமுணுப்பதும், கணவர் எதிலும் தலையிடாமல் இருப்பதும் மனதை அரிக்கிறது. இந்த டிசம்பரையாவது சண்டையில்லாமல் கடக்க வழி கேட்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் முக்கால் பங்கு கைவேலைகளைப் பற்றியது. நடுவில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பேட்டரி மெழுகுவர்த்தியின் அடிமூடி கழன்று, உள்ளே இருந்த வில்லை பேட்டரியைச் சின்னவன் வாயில் போட்டுக்கொண்டான். நல்லவேளையாக விரலை விட்டு எடுத்துவிட்டீர்கள். அதே மெழுகுவர்த்திகள் பரணில் பத்திரமாக இருக்கின்றன என்றும், இந்த வருடமும் ஜன்னலில் வைக்கப் போவதாகவும் சொல்கிறீர்கள். நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அந்த வில்லையைத் தாண்டிவிட்டு என்னால் நட்சத்திரம் பற்றிப் பேச முடியாது.

பரணில் இருக்கும் பெட்டி

நெருப்பு இல்லாத மெழுகுவர்த்தி என்பதால் அது பாதுகாப்பானது என்று நினைத்திருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் வாங்குகிறார்கள். தீக்காயம் பற்றிய உங்கள் கவலை சரி. ஆனால் அந்தச் சிறிய விளக்குகளில் பெரும்பாலும் இருப்பது 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள லித்தியம் வில்லை பேட்டரி. குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ள அந்த அளவு போதும். சிக்கிய இடத்தில் ஈரமான திசுவின் வழியாக மின்சாரம் பாய்கிறது. அந்த இடத்தில் அரிக்கும் தன்மையுள்ள காரம் உண்டாகித் திசு வெந்துபோகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமான புண் ஏற்பட்டுவிடலாம். பேட்டரி உடைய வேண்டியதில்லை, கசிய வேண்டியதுமில்லை. விளக்கு எரியாத அளவுக்குத் தீர்ந்துபோன பேட்டரியிலும் இதைச் செய்யப் போதுமான மின்சாரம் மிச்சமிருக்கும். ஆகவே "பழைய பேட்டரிதானே" என்று அலமாரியில் போட்டு வைப்பதும் ஆபத்து.

இதில் கொடுமை என்னவென்றால், விழுங்கியதை யாரும் பார்க்காவிட்டால் ஆரம்பத்தில் சளி, காய்ச்சல் போலத்தான் தெரியும். எச்சில் ஒழுகும், சாப்பிட மறுக்கும், இருமும், வாந்தி எடுக்கும். சளி மருந்து கொடுத்துக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உள்ளே புண் ஆழமாகிறது. விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், நிச்சயம் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போகாமல், எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பியும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சோறு, வாழைப்பழம் எதையும் ஊட்டாதீர்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் கொடுக்கலாம்: தேன். குழந்தைக்கு ஒரு வயது கடந்திருக்க வேண்டும், விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், எச்சிலை விழுங்க முடிகிற நிலையில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன், அதாவது 10 மில்லி, அதிகபட்சம் ஆறு முறை. இதை வண்டியில் போய்க்கொண்டே கொடுக்க வேண்டும். தேன் புண்ணாவதைச் சற்றுத் தள்ளிப்போடும். பேட்டரியை அது வெளியே எடுக்காது. மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டால் சொட்டு மருந்து, எண்ணெய் எதையும் ஊற்றாமல் உடனே போக வேண்டும்.

விரலை விட்டு எடுத்தது பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணுக்குத் தெரிகிற பொருளை எடுக்கலாம். தெரியாததைத் துழாவினால் அது இன்னும் உள்ளே போய்விடும். அன்று அவனுக்கு ஒன்றும் ஆகாததில் எனக்கும் நிம்மதி. இன்று இரவே அந்தப் பெட்டியை இறக்கி, பேட்டரிகளை எடுத்து, இரண்டு பக்கமும் செல்லோடேப் ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையிலும், மினுங்கும் தொப்பியிலும், சில பொம்மைகளிலும் இதே வகை வில்லைகள் இருக்கும். மூடியைத் திருகாணி போட்டு இறுக்கியிருந்தால் மட்டுமே வீட்டுக்குள் விடுங்கள்.

மகனுக்கு மூன்று வயது ஆகும்வரை ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். அட்டையை நான்கு சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயாகச் சுருட்டி ஒட்டி வையுங்கள். அதற்குள் நுழைகிற எதுவும் அவன் உட்காரும் பாயில் இருக்கக் கூடாது. மணி, பாசி, பொத்தான், தெர்மாகோல் உருண்டை, குட்டிக் காந்தம், தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண மணிகள் எல்லாம் அந்தக் குழாய்க்குள் போய்விடும். இரண்டு காந்தங்கள் வயிற்றுக்குள் போனால் குடலின் மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக் குடலையே ஓட்டையாக்கிவிடும். காற்றில்லாத பலூனும் உடைந்த பலூன் துண்டும் மூச்சுக்குழலை அடைக்கும். கேக்கில் போடும் முழு முந்திரி, முழு நிலக்கடலை இரண்டையும் ஐந்து வயதுவரை பொடித்தே கொடுங்கள். கழுத்தில் சுற்றக்கூடிய நாடா, நூல் எதுவும் ஒரு சாணுக்கு மேல் நீளமாக அவன் கையில் இருக்க வேண்டாம். டப்பாவில் 'நச்சற்றது' என்று அச்சிட்டிருந்தால் அது விஷமில்லை என்று மட்டுமே பொருள். தொண்டையில் அடைக்காது என்று பொருளல்ல.

கத்தரிக்கோலின் மேல்தான் என் சந்தேகம்

இப்போது மகளைப் பற்றி. மூன்று வயதில் பிள்ளைகள் காகிதத்தின் ஓரத்தை நறுக்கென்று கத்தரிப்பார்கள். நான்கு வயதில் நேர்கோட்டில் ஓரளவு வெட்டுவார்கள். ஐந்தில் வட்டம், சதுரம் வரும். நட்சத்திரத்தில் உள்ளே மடங்கும் முனைகள் உண்டு. ஒவ்வொரு முனையிலும் நிறுத்தி, காகிதத்தைத் திருப்பி, மறுபடி தொடங்க வேண்டும். ஐந்து வயதில் அது வராததைக் குறை என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார்.

இதற்கு மேல் இன்னொன்று இருக்கிறது. கடையில் கிடைக்கும் சாதாரணக் கத்தரிக்கோல் வலக்கைக்காரர்களுக்காகச் செய்யப்பட்டது. அதை இடக்கையில் பிடித்தால் மேலே வரும் அலகு வெட்டவேண்டிய கோட்டை மறைத்துவிடும். விரல்கள் இயல்பாக அழுத்தும் அழுத்தம் அலகுகளை ஒன்றைவிட்டு ஒன்று விலக்கும். காகிதம் வெட்டுப்படாமல் நடுவே மடிந்து சிக்கும். உங்கள் மகளுக்குக் காகிதம் "மடிஞ்சு மடிஞ்சு போகுது" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கட்டிங் மாஸ்டரான உங்கள் கணவரிடம் கேளுங்கள். அலகு மாறிய கத்தரிக்கோலால் துணி வெட்டச் சொன்னால் என்ன ஆகும் என்று அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். இடக்கைக்காரப் பிள்ளைகளுக்கென்றே முனை மழுங்கிய கத்தரிக்கோல் இணையத்தில் கிடைக்கிறது. அதை ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு, பள்ளி டைரியில் ஆசிரியைக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். நீங்கள் செக்கிங்கில் நூல் வெட்டப் பயன்படுத்தும் டிரிம்மர் மட்டும் அவள் கைக்குப் போகவே கூடாது.

உலகில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இடக்கைக்காரர். அதை மாற்ற மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. மாற்ற முயன்றால் பிள்ளைக்குச் சலிப்பும் தடுமாற்றமும்தான் மிஞ்சும். பாட்டியின் மனக்குறை சாப்பாட்டையும் பெரியவர்களுக்கு எதையாவது நீட்டுவதையும் பற்றியதாக இருக்கும் என்று நினைக்கிறேன். சாப்பிடுவதும் கொடுப்பதும் வலக்கையால், எழுதுவதும் வரைவதும் வெட்டுவதும் இடக்கையால் என்று பழகியவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மகள் சிரமமில்லாமல் ஏற்றுக்கொண்டால் அப்படியே விட்டுவிடலாம். எழுதும் கையில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும்? ஐந்து வயதிலும் கரண்டியால் சாப்பிடவோ, பெரிய பொத்தானைப் போடவோ, கிரேயானைப் பிடித்துக் கோடு இழுக்கவோ முடியாவிட்டால் காட்டுங்கள். அடிக்கடி தடுக்கி விழுந்தாலோ, ஒரு கையை அறவே பயன்படுத்தாமல் இருந்தாலோ தாமதிக்காதீர்கள். அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்களில் கட்டணமில்லாமல் பரிசோதிப்பார்கள். நீங்கள் விவரித்த குழந்தைக்கு அந்தத் தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

24 எங்கிருந்து வந்தது?

உங்களை வாட்டும் இந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிக் விகெர்ன் என்ற போதகர் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை நடத்திவந்தார். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் நச்சரித்துக்கொண்டே இருக்க, அவர் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தித் தொங்கவிட்டார். வாரநாட்களுக்குச் சிறியவை, ஞாயிறுகளுக்குப் பெரியவை நான்கு. அந்த வழக்கம் வீடுகளுக்குப் பரவியபோது சிறியவை உதிர்ந்து, ஞாயிற்றுக்கிழமைக்கான நான்கு மட்டுமே நின்றன. உங்கள் தாய்வீட்டுச் சபையில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய திருவருகைக் காலத்தில் நான்கு மெழுகுவர்த்திகள் ஏற்றுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கலாம். தினம் ஒரு கதவைத் திறக்கும் அச்சிட்ட நாட்காட்டி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் அச்சகங்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த பொருள். அதில் பிள்ளைகள் செய்யவேண்டியது கதவைத் திறந்து படம் பார்ப்பது ஒன்றுதான். தினம் ஒரு கைவேலை என்பதை அதன் மேல் ஏற்றியது நம் காலம்.

ஆகவே நான்கே ஞாயிறு. உங்கள் வார விடுமுறையும் அன்றுதான். காலைச் சாப்பாடு முடிந்து, பிள்ளைகளுக்குத் தூக்கமோ பசியோ இல்லாத நேரம். மகள் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தால் நல்லது, மகன் ஐந்து நிமிடம் இருந்தால் அதிகம். அவன் எழுந்து போனால் போகட்டும். வாரநாள் இரவுகளில் சோறு, ஒரு கதை, தூக்கம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. இரவு பத்து மணிக்குப் பசை டப்பாவைத் திறப்பது அந்தத் தூக்கத்திலிருந்து திருடுவதாகும். போன வருடம் உங்கள் பிள்ளைகள் அழுததற்கு நேரம் கெட்டதுதான் காரணம். உங்களிடம் தாய்மை குறைந்துபோனதாக எதுவும் இல்லை.

இனி, எதைச் செய்வது? காணொளியில் வரும் பொருள்களை வாங்க வேண்டாம். நீங்கள் இருக்கும் ஊரிலேயே எல்லாம் இருக்கிறது.

முதல் ஞாயிறு: பனியன் துணி நட்சத்திரம்

கம்பெனியில் சொல்லிவிட்டுக் கட்டிங் வேஸ்டில் ஒரு சிறு பை எடுத்து வாருங்கள். அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு பெரிய நட்சத்திரத்தை வெட்டுவது உங்கள் கணவரின் வேலை. அதைக் கேட்டு வாங்குங்கள். தலையிடாமல் இருப்பவருக்குத் தலையிட ஓர் இடம் கிடைக்கும். ஓரங்களில் சிறு வெட்டுகள் போட்டுவிட்டால் துணி வழுக்காது. மகள் துணிக் கீற்றுகளை அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றட்டும். சுற்றுவதற்கு எந்தக் கையும் சரி.

சின்னவனுக்கு இதில் ஒரு வேலை உண்டு. சிங்கிள் ஜெர்சி (ஒற்றைப் பின்னல்) துணியை அகலவாக்கில் கீற்றாக வெட்டி இரு முனையையும் பிடித்து இழுத்தால் அது சுருண்டு கயிறு போலாகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். இன்டர்லாக் (இரட்டைப் பின்னல்) துணி சுருளாது. ஒரு சாணுக்குக் குறைவான கீற்றுகளாக அவன் கையில் கொடுத்து இழுக்கச் சொல்லுங்கள். தட்டையான துணி கண்ணெதிரே உருண்டுகொள்வது இரண்டரை வயதுக்கு மாயாஜாலம். நாள் முழுவதும் இழுப்பான். அவன் இழுத்ததை அக்கா சுற்றுவாள். இருவருக்கும் சண்டை வராமல் ஒரு வேலை அமைவது அரிது, இது அமையும்.

நட்சத்திரம் கோணலாகத்தான் வரும். அவர்கள் தூங்கிய பிறகு அதைப் பிரித்து நீங்கள் சரியாகச் சுற்றாதீர்கள். மறுநாள் காலையில் மகள் கண்டுபிடித்துவிடுவாள். அடுத்த ஞாயிறு "நீயே செய்" என்று சொல்லிவிடுவாள்.

இரண்டாம் ஞாயிறு: வெண்டைக்காய் அச்சு

வெண்டைக்காயைக் காம்புக்குச் சற்றுக் கீழே குறுக்காக நறுக்கினால் ஐந்து மூலை கொண்ட அச்சு கிடைக்கும். பிஞ்சாக வாங்காமல் கொஞ்சம் முற்றியதாக வாங்குங்கள், பிஞ்சு குழைந்துவிடும். சாயத்துக்கு ஈரோட்டு மஞ்சளை அரிசிக் கஞ்சியில் குழைத்தால் போதும். இன்னொரு தட்டில் பீட்ரூட் சாறு. மஞ்சள் குழம்பில் கொஞ்சத்தைத் தனியாக எடுத்து, தண்ணீரில் கரைத்த சமையல் சோடாவைச் சில துளி விட்டுக் காட்டுங்கள்; மஞ்சள் செக்கச் சிவந்துபோவதைப் பார்த்து மகள் மறுபடி மறுபடி கேட்பாள். சுண்ணாம்பும் அதைச் செய்யும், ஆனால் சுண்ணாம்பு கண்ணை அவித்துவிடும். பிள்ளைகள் பக்கத்தில் அது வேண்டாம். பழுப்புக் காகிதத்தில் குத்தி வைத்தால் அதுவே பலகாரத் தட்டுக்கு விரிப்பாகவும் பரிசு சுற்றும் தாளாகவும் ஆகும். மஞ்சள் கறை போகாது, பழைய சட்டையைப் போட்டுவிடுங்கள். சாயத்தை நக்கினாலும் பயமில்லை என்பதால்தான் இதை இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

மூன்றாம் ஞாயிறு: குடில்

1223இல் இத்தாலியின் கிரெச்சோ என்ற ஊரில் பிரான்சிஸ் அசிசி என்ற துறவி, இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்ட அமைத்த குடிலில் வைக்கோலும், உயிருள்ள ஒரு மாடும் ஒரு கழுதையும் இருந்தன. பனிப்பஞ்சு இல்லை, மினுக்கு இல்லை. நம் பக்கத்துக்கு அது எவ்வளவு நெருக்கமான காட்சி என்று பாருங்கள். சோளத்தட்டையில் கொட்டகை, தேங்காய் நாரில் படுக்கை, மண்பாண்டம் செய்பவரிடம் கேட்டு வாங்கிய களிமண்ணில் ஒரு காங்கேயம் காளை. திமிலும் கொம்பும் பெரிதாக இருந்தால் அது காளை என்று தெரிந்துவிடும். மகள் செய்யும் ஆடு நாயைப் போல இருந்தாலும் அது ஆடுதான். நிழலில் உலரவிட்டால் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். சோளத்தட்டையின் தோல் விரலை அறுக்கும். உரிப்பதும் வெட்டுவதும் பெரியவர்கள் வேலை.

களிமண் கிடைக்காவிட்டால் காணொளிகள் சொல்லும் உப்பு மாவுக்குப் போகாதீர்கள். இரண்டு கப் மாவுக்கு ஒரு கப் உப்பு போடுவார்கள். இரண்டரை வயதுக் குழந்தை அதில் ஒரு பிடியை விழுங்கினால் ரத்தத்தில் சோடியம் ஏறி வாந்தி, வலிப்பு வரைக்கும் போகலாம். சாதாரணச் சப்பாத்தி மாவே போதும். மகன் களிமண்ணை விடாமல் தின்கிறான் என்றால், அதட்டுவதை விட ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். மண் தின்னும் ஆசைக்குப் பின்னால் இரும்புச் சத்துக் குறைவு இருப்பது வழக்கம். குடிலுக்குள் பஞ்சைப் பரப்பிப் பக்கத்தில் மெழுகுவர்த்தியையோ சீரியல் பல்பையோ வைக்காதீர்கள். பஞ்சு எப்படிப் பற்றும் என்று திருப்பூரில் இருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான்காம் ஞாயிறும் பாட்டியும்

நான்காம் ஞாயிறு எந்த வருடமும் மார்கழியில்தான் வரும். உங்கள் மாமியார் விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, சாணிப் பிள்ளையாருக்குப் பூசணிப்பூ வைக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மருத்துவராகச் சொல்கிறேன்: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவை எடுத்து, அளவாக விட்டுக் கோடு இழுப்பதைவிடச் சிறந்த விரல் பயிற்சியை நான் எந்தக் குழந்தைக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. பென்சில் பிடிக்கவும் கத்தரிக்கோல் பிடிக்கவும் வேண்டிய வலு அதில் வருகிறது. மகளுக்கு நட்சத்திரக் கோலம் போடக் கற்றுக்கொடுக்கும்படி அவரைக் கேளுங்கள். கோலமாவு கல்மாவாக இல்லாமல் அரிசிமாவாக இருந்தால் சின்னவனும் கையை விடலாம்.

இதை ஒரு தந்திரமாகச் செய்யாதீர்கள். "நம்ம வீட்டுக்கு எதுக்கு" என்ற பேச்சுக்குப் பின்னால், பேரப்பிள்ளைகள் தன்னிடமிருந்து விலகிப் போய்விடுவார்களோ என்ற பயம் இருக்கலாம். அவருக்குத் தெரிந்த ஒன்றை அவர்கள் மதித்துக் கற்றால் அந்தப் பயம் தணியும். தணியாமலும் போகலாம். அப்போதும் உங்கள் பண்டிகையைப் பிள்ளைகளோடு கொண்டாட உங்களுக்கு உரிமை இருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்கும் தொனியில் பேச வேண்டியதில்லை. அதேசமயம், குடில் வைப்பதா வேண்டாமா என்று பிள்ளைகள் முன்னால் வாக்குவாதம் நடப்பதைவிட, குடில் இல்லாத கிறிஸ்துமஸே அவர்களுக்கு நல்லது. இதை உங்கள் கணவர்தான் தன் தாயிடம் தனியாகப் பேச வேண்டும். மருமகள் பேசினால் போட்டியாகத் தெரிவது மகன் பேசினால் அப்படித் தெரியாது. டிசம்பர் பிறக்கும் முன்பே பேசிவிடச் சொல்லுங்கள்.

பண்டிகைக்கு முதல்நாள் பலகாரத் தட்டுகள். கச்சாயம் சுடுவதில் உங்கள் மாமியார் கைதேர்ந்தவர் என்று நீங்களே சொல்கிறீர்கள். அச்சு முறுக்கு உங்கள் தாய்வீட்டுப் பழக்கம். எண்ணெய்ச் சட்டி இருக்கும் இடத்துக்குப் பிள்ளைகள் வரக் கூடாது. ஆறியதை எண்ணித் தட்டில் வைப்பதும், வெண்டைக்காய் அச்சுக் காகிதத்தால் மூடுவதும், அக்கம்பக்கத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்கள் வேலை. உங்கள் லைன் வீடுகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஊருக்குப் போக முடியாமல் இங்கேயே இருக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் தட்டைக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

கடைசியாக, கேரல் குழுவோடு வந்த கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்த்து மகன் போன வருடம் அலறியது பற்றி. ஒன்று முதல் மூன்று வயதுவரை முகமூடியைக் கண்டு மிரளுவது இயல்பு. அசையாத முகத்திலிருந்து குரல் வருவதை அவர்களால் புரிந்துகொள்ள முடியாது. படம் எடுப்பதற்காக அவர் மடியில் திணிக்காதீர்கள். இந்த முறை குழு வரும் நாளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, தாத்தா வேடம் போடுபவர் முகமூடியைக் கையில் பிடித்தபடி வரட்டும் என்று சபையாரிடம் சொல்லி வையுங்கள். அவர் பையனுக்கு எதிரிலேயே அதை மாட்டிக் கழற்றிக் காட்டினால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பயம் இருந்தால், பாட்டியின் இடுப்பில் உட்கார்ந்தே பாட்டுக் கேட்கட்டும்.